பள்ளிப் பிள்ளைகளின் வயிற்றுக் கோளாறுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அடிக்கடி வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுக்கிற பிள்ளை, கழிப்பறைக்குப் போவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிற பிள்ளை, காலையில் குமட்டுகிறது என்று சாப்பிட மறுக்கிற பிள்ளை. இவர்களுடைய பெற்றோரும் ஆசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான்கு வயது முதல் பதினெட்டு வயது வரை உள்ள பிள்ளைகளைப் பற்றியது இது. கைக்குழந்தைகளின் வயிற்றுத் தொல்லைகள் வேறு வகை. அவை இதில் சேரவில்லை.

செயல்பாட்டுச் செரிமானக் கோளாறு என்றால் என்ன?

குடலில் புண், வீக்கம், அடைப்பு, கட்டி என்று எதுவும் இருக்காது. ஆனால் குடல் நகரும் விதத்திலோ, அது மூளைக்கு அனுப்பும் சமிக்ஞையிலோ, மூளை அதைப் புரிந்துகொள்வதிலோ ஒழுங்கு குலைந்திருக்கும். அதனால் வலி, மலச்சிக்கல், குமட்டல், வயிற்று உப்புசம் போன்றவை மாதக்கணக்கில் தொடரும். குடலுக்கும் மூளைக்கும் இடையிலான தொடர்பில் வரும் கோளாறு என்றே இப்போது மருத்துவர்கள் இதை அழைக்கிறார்கள்.

எத்தனை பிள்ளைகளுக்கு இது இருக்கிறது?

பெரும்பாலானோர் நினைப்பதைவிட மிக அதிகம்.

அமெரிக்காவில் தாய்மாரிடம் கேட்டு நடத்தி 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், 4 முதல் 18 வயதுக்கு உட்பட்டவர்களில் சுமார் 25 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு செயல்பாட்டுக் கோளாறு இருந்தது. இலங்கையில் பள்ளி செல்லும் வளரிளம் பருவத்தினரிடம் நடந்த ஓர் ஆய்வில் அது 28.8 சதவீதம். நாற்பது பேர் உள்ள ஒரு வகுப்பில் இது ஏறத்தாழ பத்துப் பேர் என்று ஆகிறது.

தனித்தனியாகப் பார்த்தால், பல நாடுகளின் ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டி 2015-ல் வெளியிட்ட தொகுப்பாய்வு, செயல்பாட்டு வயிற்று வலி 13.5 சதவீதப் பிள்ளைகளுக்கு இருப்பதாகக் கணக்கிட்டது. மலச்சிக்கலுக்கு 2018-ல் வந்த இதே மாதிரியான தொகுப்பாய்வு 9.5 சதவீதம் என்றது.

இதெல்லாம் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வந்த புது நோய் என்று சிலர் சொல்வதுண்டு. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஜான் ஆப்லி என்ற குழந்தைநல மருத்துவரும் அவருடைய சக ஆய்வாளரும் 1,000 பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்து 1958-லேயே வெளியிட்ட முடிவைப் பாருங்கள். அன்றாட வேலையைக் கெடுக்கும் அளவுக்கு, மூன்று மாதத்துக்குக் குறையாத காலத்தில் குறைந்தது மூன்று முறை வலி வந்த பிள்ளைகளை மட்டும் எண்ணினார்கள். 10.8 சதவீதம் வந்தது. கைபேசியும் பாக்கெட் தீனியும் இன்றுபோல் புழங்காத காலத்து எண் அது.

ஓர் ஆய்வில் ஒரு எண், இன்னொன்றில் வேறு எண். எதை நம்புவது?

எண்கள் மாறுவதற்குப் பெரிய காரணம் அளவுகோல். ரத்தப் பரிசோதனையில் காட்டிவிடக்கூடிய நோய் இல்லை என்பதால், அறிகுறிகளை வைத்தே வரையறுக்கிறார்கள். அந்த வரையறைகளுக்கு ‘ரோம் அளவுகோல்’ என்று பெயர். பிள்ளைகளுக்கான முதல் பதிப்பு 1999-ல் வந்தது. 2006-லும் 2016-லும் திருத்தினார்கள். வலி எத்தனை வாரம் நீடிக்க வேண்டும், மாதத்தில் எத்தனை நாள் வர வேண்டும் என்பதைக் கொஞ்சம் மாற்றினாலும் போதும், கணக்கில் சேரும் பிள்ளைகளின் எண்ணிக்கை ஏறும் அல்லது இறங்கும்.

அப்புறம், யாரைக் கேட்கிறோம் என்பது. பெற்றோரைக் கேட்டால் ஒன்று சொல்வார்கள், பிள்ளையைத் தனியாகக் கேட்டால் வேறொன்று வரும். பத்து வயதுக்கு மேல் எந்தப் பிள்ளையும் கழிப்பறை விவரத்தை அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருப்பதில்லை. அதனால் எந்தத் தனி எண்ணையும் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்த நாட்டில் பார்த்தாலும் இது அரிதாக இல்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

என்னென்ன வகைகள் இருக்கின்றன?

2016 அளவுகோல் மூன்று குடும்பங்களாகப் பிரிக்கிறது: குமட்டலும் வாந்தியும் சார்ந்தவை, வலி சார்ந்தவை, மலம் கழிப்பது சார்ந்தவை.

வலிக் குடும்பத்தில் நான்கு பேர். மலம் கழிப்பதோடு சேர்ந்து கூடிக் குறைகிற வலி, மலத்தின் தன்மையிலும் தடவையிலும் மாற்றம் என்று வந்தால் எரிச்சல் கொண்ட குடல். மேல் வயிற்றில் வலியோ எரிச்சலோ, கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்த உணர்வோ இருந்தால் செயல்பாட்டு அஜீரணம். திடீரென்று கடுமையாக வந்து, ஒரு மணி நேரமாவது நீடித்து, முகம் வெளிறி, வெளிச்சம் கூசி, பிறகு வாரக்கணக்கில் ஒன்றுமே இல்லாமல் இருந்தால் வயிற்று மைக்ரேன். இந்தப் பிள்ளைகளின் குடும்பத்தில் யாருக்காவது ஒற்றைத் தலைவலி இருப்பது வழக்கம். இவை எதிலும் சேராதது, பொதுவான செயல்பாட்டு வயிற்று வலி.

ஒரே பிள்ளைக்கு இரண்டு வகை சேர்ந்தும் வரலாம். எரிச்சல் கொண்ட குடல் என்று நினைத்த பிள்ளைக்கு மலச்சிக்கலைச் சரிசெய்ததும் வலி நின்றுபோவது உண்டு. அப்படியானால் அது முதலிலிருந்தே மலச்சிக்கல்தான்.

ஸ்கேன், ரத்தம் எல்லாம் சரியாக இருக்கிறது. அப்படியென்றால் பிள்ளை நடிக்கிறானா?

இல்லை. வலி உண்மையானது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

குடலின் சுவருக்குள்ளேயே கோடிக்கணக்கான நரம்பு செல்கள் உள்ளன. சாப்பாடு நகர்வது, காற்று சேர்வது, மலக்குடல் விரிவது என எல்லாவற்றையும் அவை மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. சாதாரணமாக அதில் பெரும்பகுதி நம் கவனத்துக்கு வருவதில்லை. இந்தப் பிள்ளைகளிடமோ ரேடியோவின் ஒலியைக் கூட்டி வைத்தது போல அதே சமிக்ஞை உரக்கக் கேட்கிறது. மலக்குடலுக்குள் சிறு பலூனை மெல்ல ஊதி அளந்து பார்த்த ஆய்வுகளில், மற்ற பிள்ளைகள் பொருட்படுத்தாத அழுத்தமே இவர்களில் பலருக்கு வலியாக இருந்தது. ஸ்கேன் உறுப்பின் வடிவத்தைக் காட்டும். நரம்பின் கூர்மையைக் காட்டாது.

‘ஒன்றுமில்லை, போ’ என்று சொல்லி அனுப்பும்போது பிள்ளைக்குக் கேட்பது ‘நீ பொய் சொல்கிறாய்’ என்பதுதான். அது கொடுமை. அந்தப் பிள்ளை அடுத்த முறை இன்னும் சத்தமாக அழும், அல்லது சொல்வதையே நிறுத்திவிடும்.

இது எதனால் தொடங்குகிறது?

பல பிள்ளைகளுக்கு ஒரு வயிற்றுப்போக்குக்குப் பிறகு தொடங்குகிறது. கிருமி போய்விடும், நரம்பின் கூச்சம் போகாது. கனடாவின் வாக்கர்ட்டன் நகரத்தில் 2000-ம் ஆண்டு குடிநீரில் கிருமி கலந்து ஊரே நோயுற்றது. அங்கிருந்த பிள்ளைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். அப்போது நோயுற்றவர்களில் 10.5 சதவீதம் பேருக்கு எரிச்சல் கொண்ட குடல் வந்திருந்தது, நோயுறாதவர்களில் 2.5 சதவீதம்தான்.

பரம்பரை, சிறு வயது அறுவை சிகிச்சைகள், தூக்கக் குறைவு, பதற்றம், வீட்டிலோ பள்ளியிலோ நெருக்கடி ஆகியவையும் சேரும். இலங்கையில் 10 முதல் 16 வயது மாணவர்களிடம் மலச்சிக்கல் 15.4 சதவீதம் இருந்தது. போரால் பாதிக்கப்பட்ட பகுதிகளில் வாழ்ந்த பிள்ளைகளிடம் மற்ற இடங்களைவிட அதிகமாக இருந்தது. மனம் பட்ட பாடு குடலில் தெரிகிறது. பெரும்பாலும் ஒரே ஒரு காரணத்தைச் சுட்டிக்காட்ட முடியாது, குற்றவாளியைத் தேடிக்கொண்டிருப்பதிலும் பயனில்லை.

பெண் பிள்ளைகளுக்கு அதிகமா?

வலி வகைகளில் ஆம். 2015 தொகுப்பாய்வில் பெண் பிள்ளைகளில் 15.9 சதவீதம், ஆண் பிள்ளைகளில் 11.5 சதவீதம். மலச்சிக்கலில் பெரிய வித்தியாசம் இல்லை.

பள்ளி நாளில் மட்டும் வலிக்கிறது, விடுமுறையில் இல்லை. இது சாக்குதானே?

பள்ளி நாளில் காலை எப்படிப் போகிறது என்று நினைத்துப் பாருங்கள். குறைந்த தூக்கம், அவசரச் சாப்பாடு, கழிப்பறையில் உட்கார நேரமில்லை, தேர்வு பயம், வகுப்பில் யாராவது சீண்டுவது. இதில் எதுவும் விடுமுறையில் இல்லை. தேர்வு நாளில் பெரியவர்களுக்கே வயிறு கலக்குகிறது. வலி வரும் நேரத்தைக் கவனிப்பது நல்லது, ஆனால் பிள்ளையைக் குற்றம் சாட்ட அதைப் பயன்படுத்தாதீர்கள். எந்த நாள், எந்தப் பாடவேளை, யாருடன் என்று மெதுவாகக் கேட்டால் சில சமயம் வயிற்றைவிடப் பெரிய விஷயம் ஒன்று வெளியே வரும்.

அதே சமயம், வலிக்காகப் பள்ளியை விட்டு நிறுத்தி வைப்பது நல்லதில்லை. விட்ட பாடம் சேரச் சேர, திரும்பிப் போகும் பயமும் சேரும். வலியோடும் போகலாம், தேவைப்பட்டால் சற்று நேரம் ஓய்வறையில் இருக்கலாம் என்று பள்ளியோடு பேசி ஏற்பாடு செய்யுங்கள்.

என் பிள்ளை தினமும் போகிறான். பிறகு எப்படி மலச்சிக்கல் என்கிறார்கள்?

எத்தனை தடவை என்பது கணக்கில் ஒரு பங்குதான். கீழே உள்ளவற்றில் குறைந்தது இரண்டு, ஒரு மாத காலம், வாரத்துக்கு ஒரு முறையாவது இருந்தால் மலச்சிக்கல் என்று சொல்லலாம்: வாரத்தில் இரண்டு தடவை அல்லது அதற்கும் குறைவாகக் கழிப்பது, உள்ளாடையில் மலம் கசிவது, காலை இறுக்கிக்கொண்டு அடக்குவது, கெட்டியாக அல்லது வலியோடு போவது, கழிப்பறையை அடைக்கும் அளவு பெரிதாகப் போவது, மலக்குடலில் பெரிய கட்டி தங்கியிருப்பது.

தினமும் கொஞ்சம் போகும், உள்ளே நிறையத் தங்கும். அதனால்தான் ஏமாந்துபோகிறோம்.

தொடக்கம் பெரும்பாலும் மிக எளியது. ஒரு நாள் கெட்டியாகப் போய் வலிக்கிறது. அடுத்த முறை உந்துதல் வரும்போது பிள்ளை பயந்து அடக்குகிறது. அடக்க அடக்கக் குடல் தண்ணீரை உறிஞ்சி மலத்தை இன்னும் கெட்டியாக்குகிறது. அடுத்த முறை இன்னும் வலி. நாளடைவில் மலக்குடல் விரிந்து, உந்துதலே சரியாகத் தெரியாமல் போகிறது. மூலையில் நின்று உடலை விறைத்துக்கொண்டு முகம் சிவக்கிற பிள்ளை முக்குகிறது என்று நினைப்போம். பல சமயம் அது அடக்கிக்கொண்டிருக்கும்.

எட்டு வயதாகியும் உள்ளாடையில் கறை படிகிறது. சோம்பலா?

சோம்பலில்லை, திமிருமில்லை. இப்படி வரும் பிள்ளைகளில் பத்தில் எட்டுப் பேருக்காவது உள்ளே மலச்சிக்கல் இருக்கும். தேங்கிய கட்டியைச் சுற்றி இளகிய மலம் கசிகிறது. பிள்ளைக்கு அது வருவதே தெரியாது. வாசனை கூடச் சில சமயம் தெரியாது. திட்டுவதாலும் அடிப்பதாலும் இது ஒருநாளும் நின்றதில்லை. மலச்சிக்கலுக்கு மருத்துவம் பார்த்தால் பெரும்பாலும் நின்றுவிடுகிறது.

பள்ளிக் கழிப்பறைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

நேரடிச் சம்பந்தம் உண்டு. தாழ்ப்பாள் இல்லாத கதவு, தண்ணீர் இல்லாத குழாய், நாற்றம், இடைவேளையில் மட்டும் நீண்ட வரிசை, வகுப்பு நடுவில் கேட்டால் ‘இப்பத்தானே போனே’ என்ற பதில். பிள்ளை காலை முதல் மாலை வரை அடக்கக் கற்றுக்கொள்கிறது. சில பிள்ளைகள் போக வேண்டியிருக்குமே என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள்.

ஒரு வகுப்பில் பத்துப் பேருக்கு இந்தத் தொல்லை இருக்கலாம் என்றால், கழிப்பறையைச் சுத்தமாக வைப்பதும் கேட்டவுடன் அனுப்புவதும் சலுகை ஆகாது. பள்ளி செய்தே ஆக வேண்டிய காரியம். வகுப்பெதிரே காரணம் சொல்ல வைக்காமல், ஒரு சைகை காட்டிவிட்டுப் போகும்படி ஏற்பாடு செய்தாலே பல பிள்ளைகளுக்கு நாள் எளிதாகும். இதற்குச் செலவே கிடையாது.

வயிற்றில் பூச்சியாக இருக்குமோ?

இருக்கலாம். குடற்புழு பரவலாக உள்ள இடங்களில் அதற்கான மாத்திரையை உரிய இடைவெளியில் கொடுப்பது சரி. ஆனால் கொடுத்த பிறகும் மாதக்கணக்கில் வலி தொடர்ந்தால் மறுபடி மறுபடி பூச்சி மாத்திரை கொடுத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

எப்போது தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்?

மலத்தில் ரத்தம், எடை குறைவது, உயரம் ஏறாமல் நிற்பது, பருவமடைவது தள்ளிப்போவது, காரணம் தெரியாத காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி அல்லது வயிற்றுப்போக்கு, விடாத வாந்தி, விழுங்கும்போது சிரமம், மூட்டு வீக்கம், ஆசனவாயைச் சுற்றிப் புண் அல்லது சீழ், வலது பக்கமாகவே தங்கும் வலி. குடும்பத்தில் குடல் அழற்சி நோயோ சீலியாக் நோயோ (கோதுமைப் புரதம் குடலைப் பாதிக்கும் நோய்) இருந்தால் அதையும் சொல்லுங்கள். வலி தொப்புளிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அவ்வளவு கவனமாகப் பார்க்க வேண்டும் என்பது ஆப்லி சொல்லிப்போன விதி. இன்றும் அது உதவுகிறது.

பச்சை நிற வாந்தி, தொட முடியாத அளவு வயிறு இறுகுவது, திடீரென்று தாங்க முடியாத வலி என்றால் நாள் பார்க்க வேண்டாம், உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் என்ன பரிசோதனை செய்வார்கள்?

மிகக் குறைவு. நிதானமாகக் கேட்பது, உயரமும் எடையும் பார்ப்பது, வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது. சில இடங்களில் ரத்தம், மலம், சிறுநீர்ப் பரிசோதனை. எச்சரிக்கை அறிகுறி எதுவும் இல்லாத பிள்ளைக்கு எண்டோஸ்கோப்பி (குழாய் விட்டுக் குடலின் உள்ளே பார்ப்பது) பெரும்பாலும் தேவைப்படாது. ‘எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்துவிடலாம்’ என்று பெற்றோர் கேட்பது பயத்தால், அது புரிகிறது. ஆனால் ஒவ்வொரு புதுப் பரிசோதனையும், இன்னும் கண்டுபிடிக்காத ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது என்ற எண்ணத்தைப் பிள்ளைக்குள் ஆழமாக்குகிறது.

மலச்சிக்கல் மருந்து பழகிவிடாதா?

இந்தப் பயத்தால்தான் பாதியில் நிறுத்தி, திரும்பவும் முதல் படிக்கே வருகிறார்கள். பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற தூள் மருந்து முதல் தேர்வு. அது கிடைக்காத இடத்தில் லாக்டுலோஸ். இவை குடலில் தண்ணீரைத் தக்கவைத்து மலத்தை இளக்குகின்றன. குடலை அடிமையாக்குவதில்லை.

முதலில் தேங்கியதை வெளியேற்ற மருத்துவர் சில நாள் கூடுதல் அளவு கொடுப்பார். பிறகு தொடர் அளவு, குறைந்தது இரண்டு மாதம். தொல்லை முற்றிலும் நின்று ஒரு மாதம் ஆன பிறகுதான் மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும். ‘நேற்று நன்றாகப் போனான், நிறுத்திவிட்டேன்’ என்பது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. விரிந்த மலக்குடல் பழைய அளவுக்குத் திரும்ப நாளாகும்.

கூடவே, சாப்பிட்ட பிறகு ஐந்து முதல் பத்து நிமிடம் உட்காரும் பழக்கம். வயிற்றில் உணவு விழுந்ததும் பெருங்குடல் தானாக அசையத் தொடங்கும். அந்த நேரத்தைப் பயன்படுத்திக்கொள்கிறோம். மேலைநாட்டுக் கழிப்பறை என்றால் காலுக்குக் கீழே ஒரு பலகை வேண்டும், கால் தொங்கக் கூடாது. பாராட்டு உட்கார்ந்ததற்காக, போனதற்காக வேண்டாம்.

நார்ச்சத்து, தண்ணீர், புரோபயாடிக் எல்லாம் உதவுமா?

நார்ச்சத்தும் தண்ணீரும் அந்த வயதுக்குத் தேவையான அளவு இருக்க வேண்டும். அதற்கு மேல் திணித்தால் கூடுதல் பலன் கிடைப்பதாக ஆதாரமில்லை. நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் கொண்ட புரோபயாடிக்கில் ஒன்றிரண்டு வகைகள் வலிக்குச் சிறிதளவு உதவியதாக ஆய்வுகள் உண்டு. எல்லாப் புட்டிக்கும் அது பொருந்தாது. பால், கோதுமை என்று ஒவ்வொன்றாக நாமாகவே நிறுத்திக்கொண்டே போவதை மட்டும் செய்யாதீர்கள். வளரும் பிள்ளையின் தட்டில் மிஞ்சுவது குறைந்துகொண்டே வரும்.

வலி வரும்போது நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

‘எங்கே வலிக்குது, இப்போ எப்படி இருக்கு, இன்னும் வலிக்குதா’ என்று அன்போடு கேட்டுக்கொண்டே இருப்பதுதான் பெற்றோரின் இயல்பு. ஆனால் இதைச் சோதித்துப் பார்த்த ஓர் ஆய்வு 2006-ல் வந்தது. பிள்ளைகளை வயிறு நிறையத் தண்ணீர் குடிக்க வைத்து அசௌகரியம் உண்டாக்கினார்கள். ஒரு பகுதிப் பெற்றோரிடம் வலியைப் பற்றியே பேசச் சொன்னார்கள், இன்னொரு பகுதியிடம் பேச்சை வேறு பக்கம் திருப்பச் சொன்னார்கள். எதுவும் சொல்லாமல் விட்டவர்களோடு ஒப்பிட்டால், வலியைப் பற்றிப் பேசிய இடத்தில் முறையீடு ஏறத்தாழ இரட்டிப்பானது. பேச்சைத் திருப்பிய இடத்தில் பாதியானது. பேச்சைத் திருப்புவது பிள்ளையைப் புண்படுத்துமோ என்று தாய்மார் அஞ்சினார்கள். பிள்ளைகளோ அதுதான் நன்றாக இருந்தது என்றார்கள்.

ஆகவே, ஒரு முறை நம்பிக் கேளுங்கள்: ‘வலிக்குதா, சரி, எனக்குத் தெரியும், கொஞ்ச நேரத்தில் குறையும்.’ பிறகு ஒரு விளையாட்டு, ஒரு கதை, ஒரு சின்ன வேலை. மூச்சை மெல்ல இழுத்து விடப் பழக்கலாம். எச்சரிக்கை அறிகுறிகள் இல்லை என்று மருத்துவர் பார்த்து உறுதி செய்த வலிக்குத்தான் இது.

வலிக்கு மாத்திரை இல்லையா? மனநல சிகிச்சை எதற்கு?

மாத்திரைகளின் கதை ஏமாற்றமானது. மருந்தே இல்லாத போலி மாத்திரை வாங்கிய பிள்ளைகளிலேயே சுமார் 40 சதவீதம் பேர் முன்னேறிவிடுகிறார்கள். அதைத் தெளிவாக மிஞ்சும் மருந்து பிள்ளைகளுக்கு இன்னும் வரவில்லை. மனநல சிகிச்சை என்றதும் ‘என் பிள்ளைக்கு மனநோயா’ என்று பதற வேண்டாம். கூட்டி வைத்த ஒலியைக் குறைக்க மூளைக்குப் பயிற்சி கொடுப்பதுதான் அது. நெதர்லாந்தில் 2007-ல் வெளியான ஆய்வில், தளர்வும் கற்பனையும் சேர்ந்த குடல் சார்ந்த ஹிப்னாஸிஸ் பயிற்சி பெற்ற பிள்ளைகளில் 85 சதவீதம் பேர் ஓராண்டுக்குப் பிறகு நலமாக இருந்தார்கள். வழக்கமான சிகிச்சையில் 25 சதவீதம். வீட்டிலேயே ஒலிப்பதிவு கேட்டுச் செய்யும் பயிற்சியும் ஓராண்டு கழித்து ஏறக்குறைய அதே பலன் தந்ததாகப் பின்னர் அதே நாட்டில் கண்டார்கள். சிந்தனைப் போக்கை மாற்றும் நடத்தைச் சிகிச்சைக்கும் நல்ல ஆதாரம் உண்டு.

வளர்ந்தால் தானாகச் சரியாகிவிடுமா?

பெரும்பான்மையோருக்குச் சரியாகிறது, எல்லோருக்கும் இல்லை. வயிற்று வலி உள்ள பிள்ளைகளைச் சுமார் ஐந்தாண்டு பின்தொடர்ந்த ஆய்வுகளைத் திரட்டியபோது 29 சதவீதம் பேருக்கு வலி தொடர்ந்தது. மலச்சிக்கலுக்குச் சிறப்பு மருத்துவமனை வரை போன பிள்ளைகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குப் பெரியவரான பிறகும் தொல்லை இருந்தது. ‘வயசானா போயிடும்’ என்று காத்திருக்காமல் சீக்கிரம் தொடங்குவதற்கு இதுவே போதிய காரணம்.

மருத்துவரிடம் போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும்?

இரண்டு வாரக் குறிப்பு. எந்த நாள், எத்தனை மணிக்கு வலி, எவ்வளவு நேரம், எந்த இடம், மலம் எப்படி இருந்தது, பள்ளிக்குப் போனாளா இல்லையா. மலத்தின் வடிவத்தை வாயால் விவரிக்கக் கூச்சமாக இருந்தால், பிரிஸ்டல் மல அட்டவணை என்று ஏழு படங்கள் கொண்ட ஒன்று உண்டு. எண்ணைச் சொன்னால் போதும். பழைய ஸ்கேன் தாள்களையும் எடுத்துக்கொள்ளுங்கள், மறுபடி எடுக்க வேண்டியிருக்காது. பத்து வயதுக்கு மேல் என்றால் குறிப்பைப் பிள்ளையே எழுதட்டும். மருத்துவர் கேட்கும்போது முதலில் பிள்ளை பேசட்டும், விட்டுப்போனதை நீங்கள் சேர்த்துச் சொல்லுங்கள்.